துணைப்புயலின் அரை மணி நேரம்

மலேசியாவே கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்த அந்தப் புத்தாண்டில் நானும் தள்ளி வைத்தேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக் கடிகாரத்தை மட்டுமல்ல, பல்கலைக்கழகத்தில் என் பொறுப்பில் இருந்த காந்தமானிக் கொட்டகையின் கடிகாரத்தையும்தான். அம்மா மட்டும் சாமி அறைக் கடிகாரத்தைத் தொட விடவில்லை. "ராகு காலத்தை எவனும் தள்ளி வைக்க முடியாது" என்றாள்.

என் ஆராய்ச்சி துணைப்புயல்களைப் பற்றியது. சூரியனிலிருந்து வீசும் காற்று, பூமியின் காந்தப்புலத்தை இரவுப் பக்கமாக இழுத்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அது இழுத்து விட்ட ரப்பர் மாதிரி சட்டென்று திரும்பும். மேலே செயற்கைக்கோள் அதைப் பதியும். கீழே என் கொட்டகையில் ஊசி லேசாக எகிறும். செயற்கைக்கோளின் வரைபடங்கள் கிரீனிச் நேரத்தில் வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும். என் தாளிலுள்ள உள்ளூர் நேரத்தில் ஏழரை மணி நேரத்தைக் கழித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன்.

அந்த வருடம் ஒவ்வொரு துணைப்புயலிலும் செயற்கைக்கோள் பதிந்து முப்பது நிமிடம் கழித்தே என் ஊசி எகிறியது. யாருமே பார்க்காத தாமதம்! பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. "இது போதும் லா, ஸ்காலர்ஷிப் உனக்குத்தான்." முந்தைய வருடத் தாள்களோடு ஒப்பிட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. மிதப்பு அப்படி. ஸ்காலர்ஷிப் கிடைத்தால் வெளிநாடு, இல்லையென்றால் கிள்ளானில் மாமா பையனுக்குக் கழுத்தை நீட்டுவது என்று வீட்டில் வேறு சவால் விட்டிருந்தேன்.

ஸ்காலர்ஷிப் நேர்முகம் ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. பன்னிரண்டே காலுக்குச் செருப்பை மாட்டினேன். அம்மா வாசலை மறித்தாள்.

"இரு. ராகு காலம் பன்னெண்டு வரைக்கும் இருக்கு."

"பன்னெண்டேகால் ஆச்சும்மா!"

"அது புது மணி. பழைய மணிக்குப் பதினொன்னே முக்கால்தான். இவ்ளோ படிச்ச, இதைக் கழிச்சுப் பாக்கத் தெரியல?"

கொட்டகைத் தாள்கள் ஞாபகத்துக்கு வந்தன. கழித்துத்தான் பார்த்திருந்தேன், பழையபடி ஏழரையை. புது மணிக்கு எட்டைக் கழித்திருக்க வேண்டும். அடிப் பாவி! அம்மா கூப்பிடக் கூப்பிட ஓடினேன்.

கொட்டகையில் தாள்களை விரித்து எட்டைக் கழித்தேன். முப்பது நிமிடம் போயே போய்விட்டது. செயற்கைக்கோளும் ஊசியும் சேர்ந்தேதான் அசைந்திருந்தன. அது உலகத்துக்கே தெரிந்த விஷயம்.

மூன்று மணிக்கு நேர்முகக் குழுவிடம் உண்மையைச் சொன்னேன். ஏன் சொல்லித் தொலைத்தேன் என்று பிறகு எத்தனையோ நாள் என்னையே திட்டியிருக்கிறேன். குழுவின் தலைவர் என் நேர்மைக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கிள்ளானுக்கு மருமகளாகப் போனேன். அம்மா சாகும்வரை வந்தவர் போனவரிடமெல்லாம் அதையேதான் சொன்னாள்: "ஒரு பதினஞ்சு நிமிஷம் பொறுத்துப் போயிருந்தா இவ இன்னிக்கு எங்கேயோ இருந்திருப்பா. என் பேச்சைக் கேக்கல."

நான் ஒரு தடவைகூட மறுக்கவில்லை. எங்கள் எல்லாரிலும் சரியாகக் கழித்தவள் அவள் ஒருத்திதான். அதை அவளிடம் சொல்ல எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.