செத்துவிட்டது என்று நினைத்த நண்டு

என் மகள் ஆசையாக, காலிச் சங்குக்குள் குடியிருக்கும் சங்கு நண்டுகள் இரண்டை வளர்த்தாள். கோடை விடுமுறைக்குத் தாராபுரத்திலுள்ள என் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பியபோது, கோவையில் எங்கள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவிடம் சாவியைக் கொடுத்து, தினமும் தேங்காய்த் துண்டும் தண்ணீரும் வைக்கச் சொன்னேன்.

திரும்பி வந்ததும் அக்கா வாசலிலேயே கண் கலங்கி நின்றார். "ஒண்ணு செத்துப்போச்சுங்க அம்மணி. காலு, கொடுக்கெல்லாம் கழண்டு சங்குக்கு வெளியே கெடந்துச்சு. நாத்தமடிக்குமேன்னு சங்கோட எடுத்துக் குப்பை வண்டியில போட்டுட்டேனுங்க."

அது செத்திருக்காது என்று எனக்கு உடனே புரிந்தது. நண்டு வளரும்போது பழைய தோலை அப்படியே கழற்றிப் போடும். புதுத் தோல் இறுகும்வரை சங்குக்குள் ஒடுங்கிக் கிடக்கும். இதை அக்காவிடம் நான் சொல்லவே இல்லை. இப்போதும் சொல்ல வேண்டாமென்று நினைப்பதற்குள் மகள் கேட்டுவிட்டாள்.

"அம்மா, அது தோலுதான உரிச்சிருக்கு? அப்ப உசுரோடதான இருந்துச்சு?"

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "அய்யோ கண்ணு" என்று அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு என்னுதுங்க அக்கா" என்று எத்தனையோ முறை சொன்னேன். அடுத்த முறை வெளியூர் கிளம்பும்போது, தோல் உரிப்பதையெல்லாம் விளக்கிச் சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"என்ற கையில குடுக்காதீங்க அம்மணி."

சங்கு நண்டு வளர்ப்பவர்கள், பார்த்துக்கொள்ள வருபவரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். நாங்கள் இப்போது எங்கே போனாலும், மிஞ்சிய நண்டை டப்பாவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறோம். நாங்கள் வீட்டைப் பூட்டும் சத்தம் கேட்டால் அக்கா வெளியே வருவதில்லை.