ஓடுகாலிகளைச் சேர்த்த கணக்கு

எங்கள் அக்காவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். சொன்னால் புரியாது, சொல்லாவிட்டால், "கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்காளாமே" என்று அவர்களே ஒரு பதில் வைத்திருப்பார்கள். அவள் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சி செய்கிறவள். கம்ப்யூட்டருக்குள் கணக்கில்லாத புள்ளிகளை விட்டு, தாளம் தப்பாமல் அவற்றைத் தட்டித் தட்டி, எவ்வளவு தூரம் பரவுகின்றன என்று பார்ப்பாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அம்மா போன பிறகு அப்பாவைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். வீடு, பஸ், ஆய்வுக்கூடம், மருந்துக்கடை, மறுபடி வீடு. செக்குமாடாவது நடுவில் நின்று மூச்சு வாங்கும். இவள் அதுவும் இல்லை.

நான் நேர் எதிர். பிடித்தவரை நானே தேடிக்கொண்டு, ஒற்றைப் பையோடு வீட்டை விட்டுக் கிளம்பியவள். அன்றிலிருந்து அப்பா வாயில் எனக்கு ஒரே பெயர்தான்: ஓடுகாலி. என் அழகு நிலையம் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அந்த வழியாக வந்தால் அப்பா எதிர்ப்பக்கமாக நடப்பார். நடக்கட்டுமே, எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா? நானும் அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. அக்கா மட்டும் வேலை முடிந்து வரும்போது கடையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

அப்படி ஒரு சாயங்காலம் விஷயத்தைச் சொன்னாள். தூரத்து ஊர் ஒன்றில் இருக்கும் ஆய்வுக்கூடம் அவளை நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. இங்கே ஒப்பந்தத்தில் தொங்கிக்கொண்டு செய்துவந்த அதே ஆராய்ச்சியின் அடுத்த கட்டம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"போறேல்ல?" என்றேன்.

"அப்பாவை யாரு பார்த்துப்பா? முடியாதுன்னு சொல்லிடப் போறேன். நீ அவர்கிட்ட மூச்சு விடக் கூடாது."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆனாலும் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். ஒரு டீச்சரம்மாவுக்குப் பாதித் தலைக்குச் சாயம் பூசியிருக்கிறேன், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அப்பா வந்து நிற்கிறார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"உங்க அக்காவைத் தூண்டி விடுறது நீதானே?"

"நான் என்னத்தைத் தூண்டி விட்டேன்?"

"என் காதால கேட்டேன். போன்ல யார்கிட்டயோ சொல்றா, 'ஓடுகாலியை ஒதுக்கவே கூடாது, அதையும் கணக்குல சேர்க்கணும், இல்லேன்னா பங்கீடே தப்பாயிடும்'னு. வீட்டுல பங்கு கேக்குறியா? வக்கீல் வரைக்கும் போயாச்சா?"

"ஐயோ, யாருக்கு வேணும் உங்க வீடு? ஒழுகுற கூரையை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க!" என்று நானும் கத்தினேன். டீச்சரம்மா கண்ணாடியில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அன்று வீட்டிலிருந்துதான் வேலை செய்துகொண்டிருந்தாள். அப்பா கோபத்தோடு கிளம்பியதைப் பார்த்துப் பின்னாலேயே ஓடி வந்தவள், நடந்ததைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அது இவ இல்லப்பா! என் புள்ளிங்க!"

சாயம் தோய்ந்த பிரஷ்ஷை என் கையிலிருந்து பிடுங்கி, தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டாள். "பாருங்க. சாதாரணப் பரவல்னா இப்படித்தான், எல்லாப் பக்கமும் நிதானமா விரியும். என் புள்ளிங்க இப்படி இல்லை. சிலது ஒரு இடத்துல ஒட்டிக்கிட்டு அங்கேயே சுத்தும். சிலது திடீர்னு ஒரே திசையில ரொம்ப தூரம் ஓடிடும். அதைத்தான் ஓடுகாலின்னு சொல்றோம். எண்ணிக்கையில கொஞ்சம்தான். பிழைன்னு தள்ளிடலாமான்னு என்கூட வேலை பார்க்கிறவ போன்ல கேட்டா. தள்ளிட்டா, எந்த இடத்துல எத்தனை புள்ளிங்கிற பங்கீடு அழகா வரும், ஆனா பொய்யா வரும். பரவுறதே அதுங்களாலதான்."

"அதுக்கு வேற பேரே கிடைக்கலையா?"

"நம்ம வீட்டுல தினமும் காதுல விழுற பேரு அதுதானேப்பா."

டீச்சரம்மா களுக்கென்று சிரித்துவிட்டார். அப்பா முகம் சுருங்கிப்போய், கதவுப் பக்கம் திரும்பினார். நான் அத்தோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே!

"ஓடினவளைத் திட்டத் தெரியுதே, ஓடாதவளைப் பத்தி ஒரு நாளாவது யோசிச்சீங்களா? நிரந்தர வேலை வந்திருக்கு. உங்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லைன்னு இன்னிக்கு வேண்டாம்னு சொல்லப் போறா!"

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்தே போயிருக்க வேண்டும். அப்பா நின்றார்.

"அங்க போய் என்ன செய்யணும்?" என்று அவளிடம் கேட்டார்.

"இதேதாம்ப்பா. இங்க கிளாசிக்கல், கண்ணுக்குத் தெரியுற பொருளுங்க மாதிரி ஓடுற புள்ளிங்க. அங்க குவாண்டம். அணு மாதிரிப் பொடிப் பொருளை இதே மாதிரி தட்டிப் பார்க்கணும்."

"அதுவும் ஓடுமா?"

"பெரும்பாலும் ஓடாது. கொஞ்ச தூரம் பரவும். அப்புறம் எவ்வளவு தட்டினாலும் அங்கேயே நின்னுடும்."

"யாரு தடுக்கிறது?"

"யாரும் இல்லை. அது அலை மாதிரி எல்லா வழியிலயும் போகும். அந்த அலைங்களே ஒண்ணை ஒண்ணு அழிச்சு, தன்னைத்தானே நிறுத்திக்கும்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"அப்படியே நின்னுட வேண்டியதுதானா?"

"வெளியிலேருந்து ஏதாவது வந்து கலைச்சு விட்டா, மறுபடியும் பரவ ஆரம்பிக்கும்."

அப்பா முழங்காலைப் பிடித்தபடி, காலியாக இருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். கிண்ணத்தில் விரிந்திருந்த சாயத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"உன் வீட்டுக்கு மாடிப்படி ஏறணுமா?"

"இல்லப்பா. கீழ்வீடுதான்."

"உன் வீட்டுக்காரர் ஏதும் சொல்வாரா?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாருப்பா."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். அக்கா நின்ற இடத்திலேயே அழுதுகொண்டிருந்தாள். வேலைக்கு வருவதாகச் சொல்ல, போனை எடுத்து அவள் கையில் திணித்தது நான்தான்.