காட்டிக் குடுங்கக்கா

எனக்குத் தற்பெருமை ஜாஸ்தி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உளுந்தூர்பேட்டை சாலையில் இருந்த கார்மெண்ட்ஸ் கம்பெனியில், சட்டைக்குக் காலர் வைப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. பக்கத்து மெஷினில் ஒரு மணலூர்பேட்டைக்காரி. எப்போதோ முறிந்து கோணலாகச் சேர்ந்த மணிக்கட்டு அவளுக்கு. மெதுவாகத்தான் தைப்பாள். ஆனால் அவள் தைத்த ஒரு பீஸ்கூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. புருஷன் படுத்த படுக்கை. அந்த வேலையில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

பயிற்சி என்று மூன்று நாள் நடத்தினார்கள். கடைசி நாள் மேனேஜரே ஸ்டாப்வாட்சோடு வந்து நின்றார். "எல்லாருக்கும் ஒருதரம் காட்டிக் குடுங்கக்கா. சும்மா டிரெய்னிங்குதான், டார்கெட்டுல சேராது" என்றார். அக்கா என்று வேறு கூப்பிட்டுவிட்டாரா, எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு காலருக்கும் நூலை வெட்டிக்கொண்டிராமல், ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டி, கடைசியில் மொத்தமாக நறுக்கிக் காட்டினேன். எல்லாரும் கைதட்டினார்கள். அவளும்தான்.

திங்கட்கிழமை காலையில் பார்த்தால், என் வேகத்தையே எல்லாருக்கும் டார்கெட்டாகப் போர்டில் எழுதி வைத்திருந்தார்கள். செய்து காண்பிப்பதற்கும் துரோகத்துக்கும் நம் ஊரில் ஒரே சொல்தானே, காட்டிக் கொடுப்பது. அந்த மனுஷன் எதைக் கேட்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நேராக அவர் அறைக்குப் போய்க் கத்தினேன். "இன்னா சார் இது? சேராதுன்னு வாயால சொல்லிக்கினே கையால எழுதிக்கினு போயிட்டீங்களே!"

"டிரெய்னிங் குடுக்கறதே புரொடக்ஷன் ஏறத்தாம்மா. போய் வேலையப் பாரு" என்றார். அக்கா அதோடு சரி.

உற்பத்தி ஏறத்தான் செய்தது. அவசரத்தில் கோணிப்போன காலர்களும் கூடை கூடையாகத் திரும்பி வந்தன. அவளுடையது ஒன்றுகூட அதில் இல்லை. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? எண்ணிக்கை கம்மி என்று மாதக் கடைசியில் அவளை நிறுத்திவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தாளு என்ன நல்லா ஏமாத்திட்டான்டி" என்று அழுதேன். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை.

"அவன் கெடக்கறான் வுடுக்கா. என் கை எப்டின்னு அவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும் இல்ல? பக்கத்துலயே நான் ஒக்காந்துகினு இருந்தனே, கொஞ்சம் மெதுவா தெச்சிருக்கக் கூடாதா?"