டோப்பா பாயும் அந்துப்பூச்சியும்

டோப்பாவைக் கவிழ்த்துப் பிடித்து, வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார் ஜெய்னுலாப்தீன். பேன் பார்க்கும் தாய்க்குக்கூட இவ்வளவு பொறுமை கிடையாது. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியை ஒட்டிய சந்தில் நாடகக்காரர்களின் உடைகளையும் பொய்முடிகளையும் பராமரிப்பவர். சமஸ்தானம் போய்ப் பத்து வருஷமாகியும் கிரீடங்களுக்கு இவரிடம் குறைவில்லை. சொந்தப் பெயரைச் சொன்னால் யாரும் வழி காட்டமாட்டார்கள். டோப்பா பாய் என்று கேட்க வேண்டும்.

அவருடைய ஜென்மப் பகை அந்துப்பூச்சி. பகையென்றாலும் மரியாதையாகத்தான் பேசுவார். பெட்ரோமாக்ஸைச் சுற்றும் பூச்சிகளை நடிகர்கள் அடித்தால் கோபம் வரும். "வெளக்குக்கு வாரது பூராவும் அப்பாவிங்க. நம்மாளு வெளிச்சத்தக் கண்டா இருட்டுக்குள்ள ஓடிப்போவாரு" என்பார். ஒரு நெல் நீளம், வைக்கோல் நிறம், தலையில் செம்பட்டை முடி. அதுவும் டோப்பா வைத்திருக்கிறது என்று பபூன் பிச்சைமுத்து சொன்ன அன்றுதான் பாய் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தேன். சிறகு முளைத்தபின் அது எதையும் தின்பதில்லையாம்; முடியை அரிப்பதெல்லாம் புழுவாக இருக்கும்போதுதானாம். நான் நம்பவில்லை. செத்த பூச்சி ஒன்றைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். வாய் என்று சொல்லும்படி எனக்கும் எதுவும் தெரியவில்லை.

ஒரே அலமாரியில் இருந்தாலும் ஒரு டோப்பாவை அரிக்கும், பக்கத்திலிருப்பதைத் தொடாது. காரணம் பாய்க்குத் தெரியும், வெளியே சொன்னதில்லை. ராஜபார்ட் மலையாண்டிதான் அவர் வாயைக் கிண்டினார். இரண்டு வருஷமாகத் தன் டோப்பாவில் ஒரு முடிகூடப் போகவில்லை, எல்லாம் தன் ராசி என்று பத்துப் பேர் முன்னால் பெருமையடித்தார். பாய் தணிந்த குரலில் சொன்னார்:

"ராசியில்லண்ணே. வேர்வ ஊறுன முடியத்தான் அது தேடி வரும்."

மலையாண்டியின் முகம் தொங்கிவிட்டது. ஐம்பதை நெருங்குகிறவர். நார்த்தாமலைத் திருவிழாவுக்கு இளவயது ராஜபார்ட்டாகப் பார்க்கலாமா என்று அங்கே பேச்சு அடிபடுவது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பாய்மேல் வருத்தம்தான். உண்மையாகவே இருக்கட்டும், நாலு பேர் நடுவிலா சொல்வது?

இந்த ஒரு வருஷம் பழைய ஆளே ஆடட்டும் என்று நார்த்தாமலையில் முடிவாயிற்று. நாடகம் முடிந்த காலையில், எப்போதும் ஆள் மூலம் வரும் டோப்பாவை மலையாண்டியே எடுத்துக்கொண்டு வந்தார். குரல் கட்டியிருந்தது. "பாருங்க பாய்" என்று நீட்டிவிட்டு உட்காராமல் நின்றார்.

பாய் அதன் உட்புறத்தைத் திருப்பினார். வலைத்துணி இன்னும் ஈரமாக இருந்தது. முகர்ந்து பார்த்தார். வெயிலில் விரித்தார். பிறகு அலமாரியைத் திறந்து, மலையாண்டியின் டோப்பாப் பைக்குள், இரண்டு வருஷமாக வைக்காத அந்துருண்டையை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டார்.