கனடா முருங்கை

1986, ஜூன் மாதம். ரெக்ஸ்டேலில் ஒரு அப்பார்ட்மென்ட்டில் இருந்தோம். என் வயிற்றில் தலைப்பிள்ளை, ஐந்தாம் மாதம். உடம்பில் ரத்தம் காணாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்று தொடங்கியது என் கணவருக்கு முருங்கையிலைப் பைத்தியம். ரொறன்ரோவில் முருங்கையிலைக்கு எங்கே போவது?

ஒரு சனிக்கிழமை ஹம்பர் ஆற்றங்கரையில் நடக்கப் போனவர், பை நிறைய இலையோடு வந்து நின்றார். முகத்தில் அப்படியொரு பெருமை!

"இஞ்சரும், முருங்கை! காடாய் நிக்குது. எங்கட சனத்துக்குத் தெரியேல்லை."

அதே சின்னச் சின்ன இலை. கொத்துக் கொத்தாய் வெள்ளைப் பூவும்கூட. கையில் முள் குத்தியபோதுதான் எனக்கு இலேசாகச் சந்தேகம் வந்தது.

"முருங்கைக்கு முள்ளு இருக்கோ?"

"உது கனடா முருங்கையெல்லே. குளிருக்கு முள்ளு வைச்சிருக்கும்."

நானும் நம்பினேன்! வாசல் கதவைக் காற்றுக்குத் திறந்துவைத்து, பேப்பரை விரித்து, இலையை உருவத் தொடங்கினேன். அடுப்பில் பருப்பு அவிந்துகொண்டிருந்தது.

எதிர்வீட்டு ஜப்பான்காரப் பெண் உடுப்புக் கூடையோடு வாசலைக் கடந்தார். என் வயதுதான் இருக்கும். கண்டால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம். பேப்பரில் கிடந்ததைப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார். இலையைக் காட்டினார், என் வயிற்றைக் காட்டினார், வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இந்த மரம் தன் ஊரிலும் நிற்கிறது, இலை நஞ்சு, பூவை மட்டும்தான் தின்னலாம் என்று அரைகுறை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினார். நான் பேப்பரை அப்படியே தள்ளிவைத்தேன்.

"உவவுக்கு முருங்கையைப் பற்றி என்ன தெரியும்?" என்று இவர் முணுமுணுத்தார். ஆனால் இலை முழுவதையும் குப்பையில் கொட்டியதும் இவர்தான்.

அந்தப் பெண் பூவை மட்டும் எடுத்துப்போய், மாவில் தோய்த்துப் பொரித்துக் கொண்டுவந்தார். எனக்குக் கொஞ்சம்தான் கிடைத்தது. முறுமுறுத்த மனிதர் தட்டை வழித்துவிட்டார்!

மறுநாள் இன்னும் பூ வேண்டுமாம் இவருக்கு. மூவருமாய் மரத்தடிக்குப் போனோம். அந்தப் பெண் தாழ்ந்த கொப்புகளில் ஒரு பிடி பறித்ததோடு நிறுத்திக்கொண்டார். இவர் எட்டிப் பாய்ந்து மேல்கொப்பை வளைத்தார். அந்தப் பெண் தடுத்தார். மேலே இருப்பது தேனீக்களுக்காம். அவருடைய ஊரில் பழம் பறித்தாலும் உச்சியில் ஒன்றை மரத்துக்கென்று விட்டுவைப்பார்களாம். பிறகு மரத்தைப் பார்த்து மெல்லத் தலைகுனிந்தார். என் கைகள் தாமாகக் குவிந்தன. இவரும் கொப்பை விட்டுவிட்டுக் கும்பிட்டதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது மில்லிக்கனில் சொந்த வீடு. பின்வளவில் ஒரு பேரிக்காய் மரம். மூன்று வயது மகள் தகப்பன் தோளில் ஏறி நின்று, உச்சிப் பழமும் வேண்டும் என்று அடம்பிடிப்பாள்.

"அது மரத்தின்ர பங்கு, செல்லம்" என்பார் இவர்.

அந்தப் பழத்தை அணில்தான் தின்கிறது, தின்னட்டும். அதை விட்டுவைக்கும் ஒவ்வொரு முறையும், எங்களுக்கு விட்டுவைக்கப்பட்ட பிள்ளையை நான் ஒருதரம் இறுகக் கட்டிக்கொள்கிறேன்.