பதினோரு அடி நாலு அங்குலம்

லாக் புத்தகத்தில் பொய் எழுதியவன் நான். ஆனால் இது பொய்யில்லை. சத்தியமாக நடந்தது.

1974 நவம்பர். கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆலையில் வயர்லெஸ் ஆபரேட்டர் வேலை. மூன்று ஏரிகளிலிருந்து ஆலைக்குத் தண்ணீர். மூன்று பம்ப் ஹவுஸிலும் வயர்லெஸ் செட். மணிக்கொரு தரம் நீர்மட்டத்தைச் சொல்வார்கள். நான் லாக் புத்தகத்தில் எழுதிக்கொண்டு "ரோஜர்" என்பேன்; கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தம். மூன்று மணிக்கு பம்ப் நிற்கும். கடைசி அளவுக்கு என் ரோஜர் வராமல் யாரும் செட்டை விட்டு நகரக் கூடாது. அந்தச் சட்டத்தைக் கறாராகச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

தேர்வாய் கண்டிகைப் பக்கத்து பம்ப் ஹவுஸில் முனுசாமி.

அன்று புயல் மழை. மற்ற இரண்டு பம்ப்களையும் காலையிலேயே நிறுத்தி ஆட்களை அனுப்பிவிட்டார்கள். செட்டில் காது கிழிகிற இரைச்சல். எனக்கோ டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் கேட்க வேண்டும். மதியம் 1.50க்கு செட்டின் ஒலியைச் சுத்தமாகக் குறைத்தேன். இரண்டு மணிக்கு, "நாலடி, ரோஜர்" என்று நானாகவே எழுதினேன். மூன்று மணிக்கும் அதேதான். ஏரி எங்கே ஓடிவிடப் போகிறது என்ற திமிர்.

3.52. டிரான்சிஸ்டர் பேட்டரி தீர்ந்தது. அப்புறம்தான் செட் ஞாபகம் வந்தது. ஒலியைக் கூட்டினேன்.

இரைச்சலே இல்லை...

"அண்ணே, கேக்குதா? பதினோரு அடி நாலு அங்குலம். ஓவர்."

"யோவ், இன்னா உளர்ற? அங்க ஏரி அளவுக் கோடே எட்டடி வரைக்கும்தான்! குடிச்சிக்கினு இருக்கியா?"

குபுக்... குபுக்...

"பதினோரு அடி நாலு அங்குலம். ரோஜர் சொல்லுண்ணே. ஊட்டுக்குப் போவணும்."

செட்டில் ஒரு முள் உண்டு. யார் பேசினாலும் துள்ளும்.

அது பூஜ்யத்திலேயே கிடந்தது.

"ரோஜர்... போ, முனுசாமி."

"சரிண்ணே."

மணி 4.00.

மறுநாள் காலை தண்ணீர் வடிந்தது. மேல் ஏரி உடைந்து பம்ப் ஹவுஸ் மூழ்கியிருந்தது. முனுசாமி செட்டுக்கு எதிரே, கையில் மைக்கோடு கிடந்தான். கைக்கடிகாரம் 3.10க்கு நின்றிருந்தது. என்ஜினியர் சுவரில் படிந்த சேற்றுக் கோட்டை டேப் வைத்து அளந்தார். பதினோரு அடி நாலு அங்குலம்.

என் லாக் புத்தகத்தில் மூன்று மணிக்கு ரோஜர் இருந்தது. சொன்ன பிறகும் கிளம்பாதது அவன் தப்பு என்று முடித்தார்கள். நான் வாயே திறக்கவில்லை. சீ!

பதினாறாம் நாள் அவன் பெண்சாதி பூவம்மாள் ஆலை வாசலுக்கு வந்தாள்.

"நைனா, அன்னிக்கு நாலரைக்கு அவரு ஊட்டுக்கு வந்தாரு. சொட்டச் சொட்ட நனஞ்சிக்கினு. 'இப்பத்தான் அண்ணன் போவச் சொன்னாரு'ன்னாரு. துண்டு எடுத்தாறதுக்குள்ள ஆளக் காணோம். யாரும் நம்ப மாட்டேன்றாங்க. நீ சொல்லு... எப்ப போவச் சொன்ன?"

அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"மூணு மணிக்கே சொல்ட்டேம்மா" என்றேன்.