கலங்கிய பியர்

அன்று பாரிஸ் வீட்டில் நான் இருந்தேன். மனைவி இருந்தாள். பொபினியிலிருந்து வந்த அவளுடைய தமையன் இருந்தார். என் தங்கையின் புருசன் இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்து இரண்டு நாள். கிளாஸ் வாங்க ஸ்டாலின்கிராட் மெட்ரோப் பக்கம் போயிருந்தான்.

2012, ஒரு ஞாயிறு மத்தியானம். லா சப்பலில் எங்கள் வீடு நாலாம் மாடி.

அவனுக்கு ஒரிகனில், பியர் காய்ச்சும் சின்ன இடமொன்றில் வேலை. அங்கே அப்படி இடங்கள் தெருவுக்குத் தெரு உண்டு என்பான். ஐந்து வருடம் தொட்டி கழுவினான். பிறகு முதலாளி, ஒருமுறை நீயே காய்ச்சு என்று விட்டாராம். கொத்தமல்லியும் தோடம்பழத் தோலும் போட்டுக் காய்ச்சினான். அங்கே விற்று முடிந்துவிட்டது. ஆறு போத்தலை மட்டும் உடுப்புக்குள் சுற்றி எனக்குக் கொண்டுவந்தான்.

"பிரிட்ஜிலை நிமித்தி வையுங்கோ அண்ணை. நான் வந்து திறக்கிறன். நீங்கள்தான் குடிச்சுப் பாத்துச் சொல்லவேணும்."

என்னைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. கல்யாணம் பேசும்போது, தொட்டி கழுவுகிறவனுக்கோ என் தங்கை என்று கேட்டவன் நான். அது அவன் காதுக்குப் போயிருந்தது. அப்போது நான் ஒரு பாரில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். இப்போதும் அதுதான்.

பொபினி மச்சானுக்குப் பொறுமை இல்லை.

"ஒண்டை உடை மச்சான், பாப்பம்."

உடைத்து ஊற்றினேன். கலங்கலாக இருந்தது. அடியில் மண்டி.

"இதென்ன பியரோ, வடிச்ச கஞ்சியோ?" என்றார் மச்சான்.

"பழுதாப் போச்சு," என்றேன். எங்கள் பாரில் பியர் கலங்கி வந்தால் பீப்பாயைத் திருப்பி அனுப்புவார்கள். கிளாஸில் உள்ளதை நான்தான் ஊற்றிவிடுவேன். அது எனக்குத் தெரிந்த வேலை.

"வாயிலை வைச்சுப் பாருங்கோவன்," என்றாள் மனைவி.

"தொட்டி கழுவினவன் காய்ச்சினா இப்பிடித்தான் வரும்."

மச்சான் சிரித்தார். நானும் சிரித்தேன். மற்றதுகளையும் உடைத்துக் குசினித் தொட்டியில் ஊற்றினேன். ஒரு சொட்டு வாயில் வைக்கவில்லை.

அவன் வந்தான். கையில் சின்னச் சின்னக் கிளாஸ், கடதாசியில் சுற்றி. அங்கே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ருசி பார்ப்பார்களாம்.

"பழுதாப் போச்சடா. ஊத்திப்போட்டன்."

வெறும் போத்தல்களைப் பார்த்தான்.

"அது கலங்கித்தான் இருக்கும் அண்ணை. கோதுமைப் பியர்."

பிறகு, "பறவாயில்லை," என்றான். கிளாஸ்களைக் கழுவி அடுக்கி வைத்தான்.

மூன்று வருடம் கழித்து ஒரிகன் போனேன். தன் வேலையிடத்துக்குக் கூட்டிப்போனான். பட்டப்பகல். கிழவர்கள், பிள்ளைகளோடு வந்த தாய்மார், நாய்கள். பலகையில் சின்னக் கிளாஸ்கள் அடுக்கி வந்தன. பாதி கலங்கல். மணந்து பார்த்து, அதைப் பற்றியே கதைத்துக் கதைத்துக் குடித்தார்கள். ஒருவருக்கும் வெறி இல்லை.

முதலாளி வந்து எனக்குக் கை தந்தார். ஏதோ கேட்டார். எனக்கு இங்கிலிஸ் வராது.

"பாரிசுக்குக் கொண்டுவந்த பியர் எப்பிடி எண்டு கேக்கிறார்," என்றான். நான் வாய் திறக்கமுன் அவனே பதில் சொன்னான். முதலாளிக்கு முகமெல்லாம் சந்தோசம்.

"என்ன சொன்னனீ?"

"உங்களுக்கு நல்லாப் பிடிச்சதெண்டு."

முதலாளி திரும்பவும் கேட்டார்.

"எத்தினை போத்தில் குடிச்சனீங்கள் எண்டு கேக்கிறார் அண்ணை."

இந்த முறை பதிலை எனக்கு விட்டான். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் இரண்டு கையையும் தூக்கி விரல் காட்டினேன்.

ஆறு.